சுழலின் இரண்டாம் பகுதி தாழ்ந்ததா?

ஒரு கதையின் முதற் பகுதி பெரும்புகழ் பெற்றுவிடுமாயின், இரண்டாம் பகுதிக்கு அப்புகழே பகையாகிவிடுகிறது. புதியதைப் பார்க்க வருவோர் பழையதையே அதில் தேடுகின்றனர், கிடைக்காதபோது சினங்கொள்கின்றனர். ‘சுழல்’ என்னும் குற்றத் துப்பறியும் தொடருக்கு நேர்ந்தது இதுவே. புஷ்கர், காயத்ரி இருவரும் படைத்த இத்தொடரின் முதற் பகுதி 2022 ஜூன் 17ஆம் நாளும், இரண்டாம் பகுதி 2025 பிப்ரவரி 28ஆம் நாளும் அமேசான் பிரைம் வீடியோவில் வெளிவந்தன. முன்னதைப் போற்றியவர்களுள் பலர் பின்னதைப் பழித்தனர். கூலாயில் எங்கள் ஆசிரியர் அறையிலும் கருத்து இரண்டாகப் பிளந்து நின்றது. பழிக்கப்பட்ட பகுதியின் பக்கம் நின்று வழக்காட விரும்புகிறேன்.

முதலில் கதையைச் சுருங்கக் காண்போம். முதற் பகுதி சாம்பலூர் என்னும் சிற்றூரில் நிகழ்கிறது. ஆலை ஒன்று எரிகிறது. தொழிற்சங்கத் தலைவரின் இளைய மகள் காணாமற் போகிறாள். மயானக் கொள்ளைத் திருவிழாவின் நடுவே துணை ஆய்வாளர் சக்கரை உண்மையைத் தேடுகிறான். இறுதியில் குற்றவாளி வெளியிலிருந்து வந்தவன் அல்லன், வீட்டுக்குள்ளேயே உறவினனாய் இருந்தவன் என்பது தெரிகிறது. சிறுவயதில் தன்னை வதைத்த அவனை மூத்த மகள் நந்தினி தன் கையாலேயே கொல்கிறாள்.

இரண்டாம் பகுதியில் நந்தினி சிறையில் இருக்கிறாள். அவளுக்காக வாதாடிய வழக்கறிஞர் செல்லப்பா, காளிபட்டினம் என்னும் கடற்கரை ஊரில் கொலையுண்டு கிடக்கிறார். வழக்கோ விந்தையானது. எட்டு இளம்பெண்கள், ஒவ்வொருத்தியும் ‘நானே கொன்றேன்’ என்கிறாள். முடிவை இங்கே உரைத்துப் பாராதவர் சுவையைக் கெடுக்கமாட்டேன்.

குறைகூறுவோர் சொல்வனவற்றுள் உண்மை இல்லாமல் இல்லை. எட்டுப் பெண்களையும் தனித்தனியே நம் மனத்தில் நிறுத்தக் கதைக்கு இடம் போதவில்லை. சில திருப்பங்கள் கதையின் வசதிக்காகவே வந்து வாய்க்கின்றன. முற்பகுதியின் விரைவும் இதில் இல்லை. இவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், ‘முதற் பகுதியோடு கதை முடிந்துவிட்டது, இது வீண் நீட்சி’ என்னும் தலையாய குற்றச்சாட்டை என்னால் ஏற்க இயலவில்லை.

கதை உண்மையில் முடிந்துவிட்டதா? துப்பறியும் கதைகள் பெரும்பாலும் குற்றவாளி இன்னார் என்று காட்டியவுடன் திரையை இறக்கிவிடும். பாதிக்கப்பட்டவள் அதன்பின் எங்கே உறங்கினாள், எந்த நீதிமன்றப் படியில் நின்றாள் என்று அவை கேட்பதில்லை. இரண்டாம் சுழல் அதைக் கேட்கிறது. பழிதீர்த்த கைக்கும் விலங்கு உண்டு என்பதைக் காட்டுகிறது. இது நீட்சியன்று, முதற் பகுதி செலுத்தாது விட்ட கடன்.

தமிழாசிரியர்க்கு இது புதிய செய்தியன்று. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்தவுடன் நூல் முடிந்துவிடவில்லை. முப்பது காதைகளுள் ஏழு அதன்பின் வரும் வஞ்சிக் காண்டத்துக்கு உரியன. அக்காண்டம் பிற்சேர்க்கையே என்று வாதிட்டோரும் உளர். அதற்கப்பாலும், மாதவி பெற்ற மகளின் வாழ்வைத் தொடர்ந்து மணிமேகலை எழுகிறது. அங்கே சிலம்பின் வழக்குரைக் காதையைத் தேடுபவன் ஏமாந்தே போவான். அட்சய பாத்திரத்தின் முன் நின்று சிலம்பைக் கேட்பது முறையாகுமா?

மேலைநாட்டிலும் இத்தகைய வழக்கு நிகழ்ந்ததுண்டு. ‘ட்ரூ டிடெக்டிவ்’ என்னும் அமெரிக்கத் தொடர் 2014இல் புகழ்க்கொடி நாட்டியது; 2015இல் ஊரும் மாந்தரும் மாறி இரண்டாம் பகுதி வந்தபோது அதே எழுத்தாளரைப் பலர் தூற்றினர். சுழலிலோ ஊர் மாறினும் சக்கரையும் நந்தினியும் மாறவில்லை. பழைய காயம் புதிய ஊருக்குக் கூடவே வருகிறது.

என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. காவலர் கேட்கக் கேட்க அந்த எட்டுப் பெண்களும் வாய்திறப்பதில்லை. ஒரே வாக்குமூலத்தையே கேடயமாய்ப் பிடிக்கின்றனர். அதிகாரம் உடைக்க முடியாத அந்த மௌனத்தைச் சிறைக்குள் அணுகுபவள், அதே துன்பத்தை முன்னரே பட்ட நந்தினி. பல ஆண்டுகளுக்குமுன், நான் இளம் ஆசிரியனாய் இருந்தபோது, நன்றாகப் படித்த மாணவி ஒருத்தி திடீரெனப் பேச்சை நிறுத்திக்கொண்டாள். ‘கவனக்குறைவு’ என்று தேர்ச்சி அறிக்கையில் சிவப்பு மையால் எழுதினேன். அவள் வீட்டில் பட்ட பாடு நெடுநாள் கழித்தே தெரியவந்தது. ஆசிரியர் பயிற்சியில் பாடத்திட்டம் வரையக் கற்றேன்; மௌனத்தைப் படிக்கக் கற்கவில்லை. இத்தொடரைப் பார்த்த இரவில் அந்தச் சிவப்பு மை மீண்டும் என் கண்முன் வந்தது.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் சிறார்க்கெதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், இத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவியாதிருப்பதையே குற்றமாக்கியுள்ளது. சட்டம் வாய் பேசச் சொல்லலாம். செவி கொடுக்க நாமே பழகவேண்டும்.

திருவிழாக் காட்சிகள் வெறும் அலங்காரம் என்போர்க்கும் ஒரு சொல். குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் தசராவில் அடியார்கள் காளி வேடம் பூண்டு வீதிதோறும் காணிக்கை பெறுவதை அறிந்தவர்க்குக் காளிபட்டினம் அயலூராய்த் தோன்றாது. அட்டகாளி விழாவில் எண்காளியரைத் தொழும் ஊர், எட்டுப் பெண்களின் துயரைக் காணாதிருந்தது என்பதே கதையின் குத்தல். அம்மன் திருவிழாவுக்குக் கூடும் நம் தோட்டங்களுக்கும் அது உறைக்கவேண்டும்.

இத்தொடர் மாணவர்க்கு உரியதன்று. வயது வந்தோர்க்கே உரியது. ஆசிரியர்களே, முதற் பகுதியின் அளவுகோலைச் சற்றே கீழே வைத்துவிட்டு இதை மறுமுறை பாருங்கள். குறை கண்டால் சொல்லுங்கள், நானும் உடன்படுவேன். ஆனால், மறுநாள் வகுப்பில் பேசாது அமர்ந்திருக்கும் பிள்ளையின் பெயருக்கு நேரே எதையும் எழுதுமுன், ஒரு கணம் பேனாவை நிறுத்துங்கள்.