குளிர் பலூன் சிகிச்சை செய்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்

தண்ணீரூற்றிலோ சாளம்பைக்குளத்திலோ வயதான ஒருவருக்கு நாடி தாறுமாறாக ஓடினால், "களைப்புத்தான்" என்று விட்டுவிடுகிறோம். அது 'ஏட்ரியல் பிப்ரிலேஷன்' எனும் துடிப்புக் கோளாறாக இருக்கலாம். இருதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும்போது இரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளையை அடைந்தால் பாரிசவாதம். இந்நோயுள்ளவருக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு அதிகம்.

இக்கோளாறைத் தூண்டும் மின்துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இருதயத்துக்கு வரும் நாளங்களில் தொடங்குகின்றன என்பதை, 1998இல் பிரான்ஸின் போர்டோ நகர வைத்தியர் மிஷேல் ஹைசாகேர் குழுவினர் காட்டினர். குளிர் பலூன் சிகிச்சையில், தொடை நாளத்தினூடாகச் செலுத்தும் கதீட்டரின் நுனியிலுள்ள பலூன் அந்நாளங்களின் வாயிலை அடைத்து, சுற்றியுள்ள தசையை உறையவைக்கிறது. துடிப்பு கடந்துவரும் பாதை அறுபடுகிறது.

பாதை அறுபட்டதை எப்படி அறிவது? பலூனின் நடுவே செல்லும் மெல்லிய வளையக் கதீட்டர் நாளத்தின் மின்துடிப்பைப் பதிவு செய்கிறது. துடிப்பு மறைந்தால் வெற்றி. ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. பலூனுக்குப் பிடிமானம் தர வளையத்தை ஆழமாகச் செலுத்தினால் வாயிலிலுள்ள துடிப்பு பதிவாகாது. அறுபடாத பாதை அறுபட்டதாகத் தோன்றும். மறுபுறம், அருகிலுள்ள மேலறைத் தசையின் துடிப்பும் சேர்ந்து பதிவாகி, அறுபட்ட நாளம் அறுபடாததுபோல் காட்டும். ஆகவே வைத்தியர் வளையத்தை வாயிலுக்குப் பின்னிழுத்தும், வேறிடங்களிலிருந்து துடிப்பைத் தூண்டியும் சரிபார்க்கிறார்.

அன்று சரியாக அறுபட்ட பாதையும் சில வாரங்களில் மீண்டும் இணையலாம். எனவே சிகிச்சைக்குப் பின் குறைந்தது 2 மாதங்களாவது இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து தேவை. அதன்பின் தொடர்வதா என்பதை வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, முன்பு வந்த பாரிசவாதம் ஆகியவற்றைப் பார்த்து வைத்தியரே தீர்மானிப்பார். "படபடப்பு நின்றுவிட்டது" என்பது மாத்திரையை நிறுத்தக் காரணமல்ல.

வவுனியாவிலிருந்தே கொழும்பு சுமார் 250 கிலோமீற்றர். அவ்வளவு தூரப் பயணத்துக்கு முன் நம் ஊரிலேயே செய்யக்கூடியது உண்டு. மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். ஒழுங்கில்லையெனில் உடனே வைத்தியசாலையில் ஈசிஜி எடுங்கள். இக்கோளாறு சிலருக்கு வந்துவந்து மறையும். படபடப்பு உள்ளபோது எடுத்த ஈசிஜியே நல்ல சாட்சி. அந்தத் தாளைக் கிளினிக் கொப்பியுடன் பத்திரமாக வையுங்கள்.