பெயரில் வாழும் தோட்டம்



சில திங்களுக்கு முன் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு வினா எழுப்பினோம். "நம் பள்ளியின் பெயரில் 'தோட்டம்' என்னும் சொல் இருக்கின்றதே, அங்கே என்ன விளைந்தது?" என்று கேட்டோம். வகுப்பில் சிறிது நேரம் அமைதி நிலவியது. பின்னர் ஒரு மாணவி எழுந்து, "காய்கறியா, ஐயா?" என்றாள். அவள்மீது குற்றமில்லை. அவள் பிறந்ததும் வளர்வதும் தாமான் வீட்டில். அவளுடைய பாட்டியார் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் என்பதை நாம் அறிவோம், அவள் அறியாள். சொல்லாமல் விட்ட குறை பெரியவர்களாகிய நம்முடையதே. அக்குறையைச் சிறிதேனும் போக்க எண்ணி, 1950ஆம் ஆண்டுகளில் சிறுவராயிருந்த நம் பெற்றோர் சொல்லக் கேட்டவற்றையும், 1970ஆம் ஆண்டுகளில் நாமே கண்டவற்றையும் இங்கே எழுதுகின்றோம்.

ரப்பர் மரம் இந்நாட்டு மரமன்று. பிரேசில் நாட்டு விதைகள் 1876ஆம் ஆண்டில் இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டு முளைக்க வைக்கப்பட்டன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக ரப்பருக்குத் தேவையும் பெருகியது. ஜொகூரில் கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரையிலான இரயில் பாதை 1909இல் திறக்கப்பட்டபின், சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் ஆகிய ஊர்களைச் சுற்றிக் காடுகள் தோட்டங்களாயின. அங்கே உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்களே நம் முன்னோர்.

தோட்டத்தின் நாள் விடியுமுன்னே தொடங்கிவிடும். இருள் பிரியாத வேளையில் மணி ஒலிக்கும். ஆண்களும் பெண்களும் பெரட்டுக் களத்தில் கூடுவர். கிராணியார் பெயர் பதிவார். கங்காணியார் அவரவர்க்குரிய நிரையைக் காட்டுவார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியும் வாளியுமாக அவர்கள் மரங்களுக்கிடையே மறைவார்கள். தொலைவில் நின்று பார்த்தால் மின்மினிகள் அலைவது போலத் தோன்றும்.

அவ்வளவு விடியலில் ஏன் செல்ல வேண்டும்? இரவு முழுவதும் மரம் நீரை உறிஞ்சி நிறைந்திருக்கும். பட்டைக்குள் இருக்கும் நுண்ணிய பால் குழாய்களில் அப்பொழுது அழுத்தம் மிகுதி. வெயில் ஏறியதும் இலைகள் வழியே நீர் ஆவியாகும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். வெட்டும் முறையும் நுட்பமானது. பட்டையை மெல்லிய சீவலாக, இடமிருந்து வலமாகச் சரிவாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வாராது. கூடினால் உளி மரத்தைத் தொட்டுக் காயமாகிவிடும், பட்டை நேராக வளராது. பள்ளிக்கூடம் காணாத நம் தாய்மார்கள் அரை இருட்டில் நானூறு, ஐந்நூறு மரங்களை இவ்வாறு வெட்டினார்கள் என்றால், அவர்தம் கைத்திறனை என்னென்பது!

மங்குகளில் நிறைந்த பாலை வாளிகளில் சேர்த்து, காண்டாவில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டு வருவர். அங்கே நிறை போட்டு, பாலில் எவ்வளவு ரப்பர் உண்டு என்று சோதிப்பர். பின்னர் அமிலம் கலந்து உறைய வைத்து, உருளைகளில் அழுத்தித் தகடாக்கி, புகைக் கூண்டில் உலர்த்துவர். அந்தப் புகை மணமும் கட்டிப்பாலின் நாற்றமும் இன்றும் நம் நினைவை விட்டு அகலவில்லை.

பெற்றோர் வேலைக்குச் செல்லும்பொழுது கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் விடப்படும். முதிய அம்மையார் ஒருவர் அத்தனை குழந்தைகளையும் தொட்டிலிட்டுத் தாலாட்டிக் காப்பார். சற்றுப் பெரிய பிள்ளைகள் தாமே எழுந்து, பசியாறி, தம்பி தங்கையருடன் பள்ளிக்குச் செல்வர். பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரே கட்டடம், ஓரிரு ஆசிரியர், ஒரே கூடத்தில் எல்லா வகுப்பும். கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டுமென விதித்தது. விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் நாடெங்கும் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன.

விளையாட்டுக்குப் பொருள் தேடி நாம் கடைக்குச் சென்றதில்லை. ரப்பர்க் காய்கள் முற்றி வெயிலில் படீரென வெடிக்கும். சிதறும் கொட்டைகளைப் பொறுக்கிச் சேர்ப்போம். கொட்டையைச் சிமெந்துத் தரையில் தேய்த்து, சூடேறியதும் அயர்ந்திருக்கும் நண்பனின் கையில் வைத்து ஓடுவது வழக்கம். உராய்வினால் வெப்பம் உண்டாகும் என்பதைப் பின்னாளில் அறிவியல் நூலில் படித்தபொழுது, "இது நமக்கு முன்பே தெரியுமே!" என்று சிரித்துக்கொண்டோம். மாரியம்மன் கோயில் திருவிழாவும், திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய திரைப்படமும் ஆண்டு முழுவதும் பேசப்படும்.

ஆனால், எல்லாம் இனிமையே என்று எழுதினால் அது பொய்யாகும். மழை பெய்தால் சிறுவர்களாகிய நாம் குதித்தாடுவோம். நம் தாயாரோ வாசலில் அமர்ந்து வானத்தையே பார்த்திருப்பார். பட்டை நனைந்தால் பால் மங்கில் விழாமல் மரத்தில் வழிந்துவிடும், அன்று வேலையில்லை, வேலையில்லையேல் கூலியில்லை. ஆண்டின் இறுதியில் பருவமழை நாள்கணக்கில் பெய்யும்பொழுது கடைக் கணக்குப் புத்தகத்தில் கடன் ஏறும். நமக்கு விளையாட்டாயிருந்த மழை, அவருக்கு அடுப்பைப் பற்றிய கவலையாயிருந்தது என்பதை உணர நமக்குப் பல ஆண்டுகள் ஆயின.

நம் பெற்றோர் பட்ட துன்பம் இன்னும் பெரிது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் இரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பவே இல்லை. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். குடியிருப்புகளைச் சுற்றி முள்வேலி. காட்டிலிருந்தோர் கைக்கு உணவு போகக்கூடாதென்று, வேலைக்குச் செல்வோர் சோறு கொண்டு போகத் தடையிருந்தது. வெறும் வயிற்றோடு மரம் வெட்டிய காலைகளைப் பற்றி நம் தாயார் சொல்லும்பொழுது, அவர் குரலில் கோபமில்லை. நாம்தாம் கண் கலங்கினோம்.

நம் வகுப்பில் முதல் மாணவனாயிருந்த நண்பன் ஒருவன் ஆறாம் ஆண்டோடு நின்றுவிட்டான். தந்தையார் நோயுற்றமையால் அவன் உளியைக் கையிலெடுத்தான். நாம் புகுமுக வகுப்புக்குச் செல்லப் பேருந்துக்குக் காத்திருந்தபொழுது அவன் வாளியுடன் எதிரே வந்தான். அவன் சிரித்தான், நமக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் ஆசிரியப் பணியைத் தேர்ந்துகொண்டதற்கு அந்தக் காலைப் பொழுதும் ஒரு காரணமாகும்.

பின்னர்த் தோட்டங்கள் மாறின. செயற்கை ரப்பரின் போட்டியால் விலை தளர, செம்பனை நடப்பட்டது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. இளைஞர் பாசிர் கூடாங், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று தொழிற்சாலைகளை நாடினர். நிலங்கள் பல தாமான்களாகவும் சாலைகளாகவும் மாறின. இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தின் சிற்றூர்களிலும் ஏர்க்குதிரைகள் போய் டிராக்டர்கள் வந்தன; உழவர் பிள்ளைகள் நகரம் சேர்ந்தனர்; சிறு பள்ளிகள் பல மூடப்பட்டன. அங்கே முதியோர் பலர் தம் இளமையை நூல்களாக எழுதி வைத்தனர். நம்மவருள் எழுதியோர் மிகச் சிலரே.

இன்று நாட்டில் எஞ்சியுள்ள தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூற்றுக்குச் சற்றே அதிகம். ஜொகூரில் ஏறத்தாழ எழுபது. அவற்றுள் பல, தோட்டம் மறைந்தபின்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. வேறு கல்வெட்டு இல்லாத நம் முன்னோர்க்கு அந்தப் பெயர்ப்பலகையே கல்வெட்டு. அதைப் படிக்கத் தெரியாதவர்களாய் நம் பிள்ளைகள் வளரலாமா?

ஆகவே, மாணவர்களே, இவ்விடுமுறையில் ஒரு பணி செய்யுங்கள். தாத்தா பாட்டியின் அருகில் அமர்ந்து கேளுங்கள். எந்தத் தோட்டம்? எத்தனை மரம்? மழை நாளில் என்ன உண்டார்கள்? அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதி வாருங்கள். வீட்டில் பழைய உளியோ மங்கோ இருந்தால், பெற்றோர் இசைவுடன் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். நூலகத்தில் அவற்றுக்கோர் இடம் ஒதுக்கியுள்ளோம்.

"காய்கறியா, ஐயா?" என்று கேட்ட அந்த மாணவி மறுவாரமே பாட்டியாரிடம் கேட்டு இரண்டு பக்கம் எழுதி வந்துவிட்டாள். அதன் முதல் வரி, "என் பாட்டி சூரியனுக்கு முன்னால் எழுந்தவர்" என்பது. அந்நோட்டுப் புத்தகம் நம் மேசைமேல் இருக்கின்றது. அதனருகே உங்கள் ஏடுகளும் வந்து சேரட்டும்.