இரத்தக் குழாயை விரிக்கும் மாத்திரை எதிலிருந்து வருகிறது?

உயர் இரத்த அழுத்தத்திற்கும் இதயச் செயலிழப்பிற்கும் தரப்படும் மருந்துகளுள் ஒன்று லிசினோபிரில். ‘இது பாம்பு நஞ்சில் செய்யப்படுவதாமே, சைவ உணவினர் உட்கொள்ளலாமா?’ என்னும் ஐயம் சிலருக்கு எழுகிறது. அவ்வையத்தால் மருந்தை நிறுத்திவிட்டால் இரத்த அழுத்தம் மீண்டும் உயரும். ஆகவே உண்மையை இங்கு விளக்குகிறோம்.

நம் உடலிலுள்ள ஏ.சி.இ. என்னும் நொதி, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின்-2 என்னும் பொருளை உண்டாக்குகிறது. இம்மருந்து அந்நொதியைத் தடுக்கிறது. குழாய்கள் விரிகின்றன, இதயத்தின் சுமை குறைகிறது.

பாம்புக்கும் இதற்கும் உள்ள தொடர்பு, வழிகாட்டிய அளவில்தான். பிரேசில் நாட்டு ஜராராகா விரியனின் நஞ்சு இந்நொதியைத் தடுப்பதை அறிந்த அறிவியலாளர்கள், அதைப் பின்பற்றி கேப்டோபிரில் என்னும் மருந்தை ஆய்வகத்தில் உருவாக்கினர். அமெரிக்கா 1981-இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. லிசினோபிரில் அதன் பின் வந்தது.

லிசினோபிரிலின் அடிப்படைக் கூறுகள் லைசின், புரோலின் என்னும் அமினோ அமிலங்கள். லைசின் நாம் உண்ணும் பருப்பிலும் உண்டு. தொழிற்சாலைகளில் கரும்பாலைக் கழிவுப்பாகு அல்லது மாவுச்சத்துச் சர்க்கரையை ஊட்டி, கோரினிபாக்டீரியம் என்னும் மண்வாழ் பாக்டீரியாவை வளர்த்து இதைப் பெறுகின்றனர். வீட்டில் இட்லி மாவு புளிப்பதும் நுண்ணுயிர்களின் செயலே. பின்னர் லைசினைப் பிரித்துத் தூய்மைப்படுத்தி, வேதிவினைகளால் புரோலினுடனும் பிற பகுதியுடனும் இணைக்கின்றனர். மாத்திரையில் நஞ்சும் இல்லை, உயிருள்ள பாக்டீரியாவும் இல்லை. மாத்திரையில் சேர்க்கப்படும் துணைப்பொருள்கள் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். அவற்றை மருந்தாளுநரிடம் கேட்டறியலாம்.

கவனிக்க வேண்டியவை:

• வறட்டு இருமல் தொடர்ந்தால் மருத்துவரிடம் கூறுங்கள். மாற்று மருந்து உண்டு.

• உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மறுவேளை மாத்திரை உட்கொள்ளாமல் 108-ஐ அழையுங்கள்.

• கருவுற்றோர் உட்கொள்ளலாகாது. கருவுற விரும்புவோர் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

• பொட்டாசியம் கலந்த ‘சோடியம் குறைந்த உப்பு’, வலி நிவாரணிகள், அன்றாட இளநீர் ஆகியவற்றை மருத்துவரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள்.

• வாந்தியோ வயிற்றுப்போக்கோ மிகுந்தால் உடனே மருத்துவரைத் தொடர்பு கொள்ளுங்கள்.

• வைகுண்ட ஏகாதசியன்று நோன்பிருந்து திருவரங்கத்தில் நெடுநேரம் வரிசையில் நிற்க எண்ணுவோர் முன்னதாகவே ஆலோசனை பெறுங்கள். தலைசுற்றினால் உடனே அமருங்கள். உடன் செல்வோர் மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருப்பது நலம்.