மாணவர் நம் வயலுக்கும் வரட்டும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டது. போர் அதனையும் விட்டுவைக்கவில்லை. எம்மைப் போலவே இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் இயங்கிய பீடம், யுத்தம் முடிந்த பின்னரே கிளிநொச்சி அறிவியல் நகருக்குத் திரும்பியது. விதைநெல் இன்றி ஊர் திரும்பிய மன்னார்க் கமக்காரருக்கு இக்கதை புதிதல்ல.

விவசாயப் பட்டப்படிப்பு 4 ஆண்டுகள். அதன் ஓர் அங்கமாக மாணவர்கள் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் பண்ணைகளுக்கும் கம்பனிகளுக்கும் பயிற்சிக்குச் செல்கின்றனர். கம்பனிக்குப் போவது நல்லதே. விதை எப்படிச் சுத்திகரிக்கப்படுகிறது, சந்தை என்ன கேட்கிறது என்பவை விரிவுரை மண்டபத்தில் பிடிபடா. ஆனால் மருந்து விற்கும் கம்பனியிடம் மட்டும் பயின்றவர், நோயைக் கண்டதும் போத்தலைத்தான் தேடுவார்.

எமது பக்கத்திலும் கற்க ஏராளம் உண்டு. கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள முருங்கன் கருமண் மழையில் காலோடு ஒட்டும், வெயிலில் வெடிக்கும். உழவுக்கேற்ற ஈரம் சில நாட்களே நிற்கும். அந்த நாளைக் கணிப்பதில் கமக்காரரே ஆசிரியர்.

கரையோரத்தில் சிக்கல் வேறு. கைவிடப்பட்ட வயல்களில் வரம்பு உடைந்து, வடிகால் தூர்ந்து, உவர் ஏறியிருக்கும். மண்ணின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமன்சைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். உவரைத் தாங்கும் ஏ.ரி. 354 இனம் 1992இல் அம்பலாந்தோட்டையிலிருந்து வெளியானது. கேரளக் கரையோரப் பொக்காளி நெல் அதன் பெற்றாரில் ஒன்று. ஆயினும் இனத்தை மாற்றினால் மட்டும் போதாது. நல்ல தண்ணீரைக் கட்டி, உவரைக் கரைத்து, வடிகாலால் வெளியேற்ற வேண்டும். எத்தனை தடவை என்பதை அந்த வயலில் அளந்துதான் சொல்லலாம். பயிற்சி மாணவர் ஒருவர் ஒரு காலபோகம் முழுவதும் நின்று செய்யக்கூடிய வேலை இது.

பரிசோதனை பிழைத்தால்? மாணவருக்குப் புள்ளி குறையும். கமக்காரருக்கு அவ்வருடச் சோறு போகும். எனவே முழு வயலையும் கொடுக்க வேண்டாம், ஒரு மூலை போதும். விதையோ உரமோ தரும் கம்பனி நட்டத்தில் பங்கேற்குமா என்பதை முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். குத்தகைக் காணியில் செய்பவர்கள் காணிக்காரரின் சம்மதத்தையும் பெற வேண்டும்.

கோரிக்கையைத் தனியாக அன்றி, கமக்காரர் அமைப்பின் கடிதமாக, விவசாயப் போதனாசிரியர் மூலம் பீடத்துக்கு அனுப்புவது நல்லது. அதற்கிடையில் மண் மாதிரியை எடுத்துவையுங்கள்: உரம் போடுமுன், வயலில் 8 அல்லது 10 இடங்களில், 15 சென்ரிமீற்றர் ஆழம்வரை தோண்டிக் கலந்து, அரைக் கிலோ. வெள்ளை பூத்த இடத்து மண்ணை மற்றதோடு கலக்காமல் வேறு பையில் கட்டுங்கள்.