கிதாப் பாதஞ்சல்

கிதாப் பாதஞ்சல் என்பது பதஞ்சலியின் யோக சூத்திரத்தை நடு ஆசியாவின் குவாரசம் பகுதியைச் சேர்ந்த அறிஞர் அல்-பிரூனி (973–1048) வடமொழியிலிருந்து அரபு மொழிக்குப் பெயர்த்து எழுதிய நூல் ஆகும். சூத்திரங்களையும் அவற்றுக்கான ஓர் உரையையும் ஒன்றாகக் கலந்து வினா-விடையாக மாற்றியிருப்பது இதன் தனித்தன்மை. இம்மாற்றத்தால், இது யோக சூத்திரம்தானா என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது.

பின்னணி

1017 இல் கசினி முகமது குவாரசமைக் கைப்பற்றியபின் அல்-பிரூனி கசினிக்குக் கொண்டு செல்லப்பட்டார். முகமதின் படையெடுப்புகளால் வடமேற்கு இந்தியாவுடன் ஏற்பட்ட தொடர்பு, வடமொழி நூல்களையும் அவற்றைக் கற்றோரையும் அணுகும் வாய்ப்பை அவருக்கு அளித்தது. நூல்கள் தமக்கு எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டப்பட்டதாக அவர் இந்நூலின் முன்னுரையில் கூறுகிறார். 1030 அளவில் எழுதிய, பொதுவாக "இந்தியா" எனப்படும் பெருநூலில், சாங்கியம், பாதஞ்சலம் ஆகிய இரண்டையும் தாம் முன்னரே அரபு மொழியில் பெயர்த்துவிட்டதாகக் குறிப்பிடுகிறார். சாங்கிய மொழிபெயர்ப்பு இன்று கிடைக்கவில்லை.

அமைப்பும் சொல்லாட்சியும்

மூலத்தைப் போலவே இதிலும் நான்கு பகுதிகள் உள்ளன. துறவி ஒருவர் வினவ, பதஞ்சலி விடையளிக்கிறார். சூத்திரம் மிகச் சுருங்கிய வடிவம். உரையின்றி அயல்மொழி வாசகருக்கு அது விளங்காது. எனவே உரையின் விளக்கத்தை விடைக்குள்ளேயே சேர்த்த அல்-பிரூனி, வடமொழி இலக்கணம் பற்றிய பகுதிகளை அம்மொழி அறியாதோருக்குப் பயன்படா என விட்டுவிட்டார். இது பொறுப்பான முடிவே. ஆயினும் சூத்திரம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பது படிப்பவருக்குத் தெரியாமற் போயிற்று.

சொற்களிலும் இத்தகைய தெரிவுகளைக் காணலாம். ஈசுவரன் "அல்லாஹ்" ஆகவும், தேவர்கள் வானவர்களாகவும், கிலேசங்கள் "சுமைகள்" என்ற பொருளுடைய சொல்லாலும் குறிக்கப்படுகின்றனர். யோக சூத்திரத்தின் ஈசுவரன் உலகைப் படைப்பவன் அல்லன். வினைகளாலும் கிலேசங்களாலும் தீண்டப்படாத தனிப் புருடன். அரபுச் சொல்லோ படைத்தவனையே நினைவூட்டும். ஆகவே இங்குச் சொல் மாறியபோது கருத்தும் சற்று நகர்ந்துவிட்டது எனலாம். யோகம் என்றவுடன் உடற்பயிற்சியை எதிர்பார்ப்போர் ஏமாறுவர். மூலத்திலேயே ஆசனம் பற்றி மூன்று சூத்திரங்களே உள்ளன. மாறாக, மூன்றாம் பகுதியில் மேரு, தீவுகள், கடல்கள் என உலக அமைப்பு விரிவாக வருகிறது. இது உரையிலிருந்து வந்தது.

அடையாளச் சிக்கல்

"இந்தியா" நூலின் மேற்கோள்கள் மட்டுமே தெரிந்திருந்த காலத்தில், அவை யோக சூத்திரத்துடன் பொருந்தாமை அறிஞர்களைக் குழப்பியது. சுரேந்திரநாத் தாசுகுப்தா 1922 இல் வெளியிட்ட இந்திய மெய்யியல் வரலாற்றில், இது வேறொரு பதஞ்சலியின் வேறு நூல் எனக் கருதினார். அதே காலத்தில் பிரெஞ்சு அறிஞர் லூயி மசிஞோன் இசுதான்புல் நகரின் கொப்புருலு நூலகத்தில் இதன் கையெழுத்துப் படியைக் கண்டறிந்தார். அது வேறொரு சுவடியின் ஓரங்களில் எழுதப்பட்டிருந்தது. எல்முட் ரிட்டர் 1956 இல் அரபு மூலத்தைப் பதிப்பித்தார். சலோமோ பைன்சு, துவியா கெல்பிளம் இருவரும் 1966 முதல் 1989 வரை நான்கு கட்டுரைகளாக ஆங்கிலத்தில் பெயர்த்து, விடைகளைச் சூத்திரங்களோடு ஒப்பிட்டு, இது யோக சூத்திரமே என நிறுவினர்.

அல்-பிரூனி பயன்படுத்திய உரை எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இன்று கிடைக்கும் உரைகளில் அது இல்லை என்பது இவ்விருவரின் கருத்து. வியாச பாடியத்தையும் உள்ளடக்கிய பாதஞ்சல யோக சாத்திரத்தையே அவர் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்று பிலிப் மாசு, நோயமி வெர்தோன் ஆகியோர் 2018 இல் வாதிட்டனர்.

அமிர்தகுண்டம் என்னும் அடயோக நூலின் அரபு வடிவம் இதனின்றும் வேறானது.