மொட்டை மாடிக்கு ஏற்ற தொலைநோக்கி

ஜிஎஸ்டி சாலை வெளிச்சத்துக்கு நடுவே குடியிருப்பவன் தொலைநோக்கி வாங்கிப் பயனுண்டா என்று பெருங்களத்தூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நெபுலாக்களைத் தேடினால் ஏமாற்றம்தான். கோள்களுக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். வியாழனும் சனியும் தெருவிளக்குக்கு மங்குபவை அல்ல. நாம் 13 டிகிரி வடக்கில் இருப்பதால் அவை வானில் நன்றாக உயர ஏறவும் செய்கின்றன.

1852-இல் நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில், டபிள்யூ. எஸ். ஜேக்கப் சனியின் மங்கலான உள்வளையம் ஒளி ஊடுருவக்கூடியது என்று கண்டார். அவரிடம் இருந்தது சுமார் 6 அங்குல வில்லைத் தொலைநோக்கிதான். அதில் ஒளியின் வழியை மறிக்க எதுவும் இல்லை.

அந்த அளவு நல்ல வில்லைக்கு இன்று விலை அதிகம். அதனால் நாம் நாடுவது குழியாடி. அதில் ஒளியைப் பக்கவாட்டில் திருப்ப, குழாயின் வாயருகே ஒரு சிறு கண்ணாடியைச் சாய்த்துத் தொங்கவிட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விந்தை இங்கேதான் இருக்கிறது. அந்தக் கண்ணாடியின் நிழல் பிம்பத்தில் ஓட்டையாகத் தெரிவதில்லை. விட்டத்தில் 30 சதவீதத்தை மறைத்தாலும் இழக்கும் ஒளி 9 சதவீதம்தான். ஆனால் விளிம்பு விளைவு சும்மா விடாது. மறைப்பே இல்லாதபோது விண்மீன் ஒளியில் ஏறத்தாழ 84 சதவீதம் நடுப்புள்ளியில் குவியும். 30 சதவீத மறைப்பில் அது 68 ஆகிவிடும். மீதி சுற்றிலும் வளையங்களாகச் சிதறி, வியாழனின் மெல்லிய பட்டைகளை வெளுக்கடிக்கிறது.

எனவே குழாய் நீளமாக இருக்கட்டும். 6 அங்குல ஆடிக்குக் குவியத்தூரம் 48 அங்குலம் என்றால் ஒளிக்கூம்பு ஒல்லியாகிவிடும். 30 மில்லிமீட்டர் அளவுள்ள சாய்வுக் கண்ணாடி போதும், மறைப்பு 20 சதவீதத்தில் நின்றுவிடும். கடைகளிலோ தூக்க வசதியான குட்டைக் குழாய்களை அடுக்கி, பெட்டியில் '500 மடங்கு' என்று அச்சிடுகிறார்கள். பிள்ளைகளின் ஆர்வத்தை முதல் இரவிலேயே கொல்லும் வேலை இது. அங்குலத்துக்கு 50 மடங்குக்கு மேல் எந்த ஆடியும் புதிதாக எதையும் காட்டாது.

அடுத்த எதிரி வெப்பம். சித்திரை மதியத்தில் தார்ச்சாலைக்கு மேல் நெளியும் காற்றைப் போல, சூடான ஆடியின் முகத்தருகேயும் காற்று நெளிகிறது. தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே மாடிக்குக் கொண்டுபோங்கள். ஆடியின் பின்புறம் கம்ப்யூட்டரில் இருக்கும் சிறு மின்விசிறி ஒன்றைப் பொருத்துங்கள். பகல் முழுதும் வெயில் குடித்த கான்கிரீட் தளம் ஆறவும் நேரம் கொடுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு பார்ப்பது நல்லது.