பானைக்குள்ள பேஸ் இருக்கு பாஸ்!

உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு ஒண்ணை நினைச்சுக்கங்க. பஸ்ல கேட்டிருப்பீங்க, கல்யாண வீட்டு மைக் செட்ல கேட்டிருப்பீங்க, செல்போன்ல தேய்ச்சிருப்பீங்க. வரி வரியா மனப்பாடம்! திடீர்னு ஒருநாள் ஃப்ரெண்டு வீட்டுல, நல்ல ஸ்பீக்கர்ல அதே பாட்டு ஓடுது. ‘அட, இந்த இடத்துல பின்னாடி ஒரு புல்லாங்குழல் வருதா? இத்தனை நாளா எங்க போயிருந்துச்சு?’னு அசந்து போறீங்க... அவ்ளோதான், மாட்டிக்கிட்டீங்க! ஆடியோ பைத்தியம் பிடிக்கிறது பெரும்பாலும் அப்படி ஒரு நிமிஷத்துலதான்.

‘ஹோம் ஆடியோன்னா லட்சக்கணக்குல கொட்டுற பணக்காரங்க சமாசாரம்’னு நினைக்கிறவங்க, விழுப்புரத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவுல இருக்கிற எங்க கண்டமங்கலம் பக்கம் ஒருவாட்டி வாங்க. இங்க இந்தக் கிறுக்குக்கு பர்ஸ் வேண்டாம். ஒரு காதும், ரெண்டு கையும் போதும்!

மைக் செட்தான் எல்.கே.ஜி.!

ஆடி மாசம் மாரியம்மன் கோயில்ல கூழ் ஊத்துறாங்கன்னா, முதல்ல வந்து இறங்குறது மைக் செட். மரத்துல குழாய் ஸ்பீக்கர் ஏறும். ஒயர் இழுக்க, பாட்டு மாத்த, ஆம்ப்ளிஃபயர்ல திருகுறதை வேடிக்கை பார்க்கன்னு மைக் செட் அண்ணன் பின்னாடியே நாலு பொடிசுங்க சுத்தும். குழாய் ஸ்பீக்கர் நாலு தெரு தள்ளியும் கத்தும். ஆனா தவிலோட தொப்பிப் பக்க ‘தும்... தும்’ அதுல வராது. அவ்வளவு கீழான சத்தத்தைத் தர்ற அளவுக்கு அந்தக் குழாய் பெருசு இல்ல. ‘ஏண்ணா இதுல அந்தச் சத்தம் மட்டும் வரல?’னு ஒரு பொடிசு கேட்டுச்சுன்னா, அங்க ஒரு ஆடியோ பைத்தியம் பிறந்தாச்சுன்னு அர்த்தம்!

நம்ம அப்பா, மாமா தலைமுறைக்குப் பைத்தியம் வந்த வழி வேற. சிங்கப்பூர், துபாய்லேர்ந்து யாராவது கொண்டுவந்த டேப் ரெக்கார்டர்! ஃபிலிப்ஸ் கம்பெனி 1963-ல அறிமுகப்படுத்துன கேசட், 80-கள்ல நம்ம ஊர் வீட்டுக்கு வீடு வந்துடுச்சு. பிடிச்ச பாட்டையெல்லாம் பேப்பர்ல எழுதி ரெக்கார்டிங் கடையில குடுக்கணும். 60 நிமிஷ கேசட்னா ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம்தான். எந்தப் பாட்டைச் சேர்க்குறது, எதை விடுறதுன்னு வீட்டுல பஞ்சாயத்தே நடக்கும். இளையராஜாவோட ‘ஹவ் டு நேம் இட்’ (1986), ஏ.ஆர்.ரஹ்மானோட ‘ரோஜா’ (1992) மாதிரி இசை வந்தப்போ, இருக்கிற செட்டு பத்தலையேன்னு ஏங்க ஆரம்பிச்சவங்க நிறைய பேர்.

‘4440’ தெரியுமா?

அடுத்த கட்டம், கையில சால்ட்ரிங் அயர்ன் பிடிக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் கடையில போய் ‘4440 போர்டு ஒண்ணு குடுங்கண்ணா’ன்னு கேட்டுப் பாருங்க, கடைக்காரர் மறுகேள்வி கேக்காம எடுத்துக் குடுப்பார். ஜப்பானோட சான்யோ கம்பெனி கார் ஸ்டீரியோவுக்காகப் பண்ணின ஐ.சி. அது. ரெண்டு சேனலா ஓட்டினா தலா 6 வாட்ஸ், ரெண்டையும் ஒண்ணாக் கட்டினா சுமார் 19 வாட்ஸ். கூட ஒரு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், பழைய டி.வி.யிலேர்ந்து கழட்டின ஸ்பீக்கர்... முதல் ஆம்ப்ளிஃபயர் ரெடி! ஒரே எச்சரிக்கை: டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள போறது 230 வோல்ட் கரன்ட். அந்த ஒயரிங்கை மட்டும் தெரிஞ்சவங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டே பண்ணுங்க.

சரி, ஸ்பீக்கருக்குப் பெட்டி? இங்கதான் நம்ம கிராமத்து இன்ஜினீயரிங் வருது. மண் பானை! பானை வாயில ஸ்பீக்கரை இடுக்கு இல்லாம உக்கார வச்சா, அதுவரைக்கும் கீச்சுக் கீச்சுன்னு கத்தினது கும்முனு இடிக்கும்.

இதுல மந்திரம் ஒண்ணும் இல்ல. ஸ்பீக்கரோட பேப்பர் கோன் முன்பக்கம் காத்தைத் தள்ளுற அதே நேரம் பின்பக்கம் இழுக்குது. ரெண்டு சத்தமும் எதிரெதிர். 50 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அவ்ளோ பெரிய அலைக்கு, சின்ன ஸ்பீக்கரைச் சுத்திக்கிட்டு வர்றது ஜுஜுபி. பின்பக்கச் சத்தம் முன்னாடி வந்து, முன்பக்கச் சத்தத்தோட சேர்ந்து ரெண்டும் கழிஞ்சு போயிடும். பேஸ் காலி! பானை அந்தப் பின்பக்கச் சத்தத்தை உள்ளேயே பிடிச்சு வைக்குது. 1954-ல அமெரிக்காவோட எட்கர் வில்ச்சர், காத்துப் போகாத சின்னப் பெட்டிக்குள்ள ஸ்பீக்கரை வச்சு, அடைபட்ட காத்தையே ஸ்பிரிங்கா மாத்தி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வச்சார். பானை, அந்தப் பெட்டிக்கு ஏழை வீட்டுத் தம்பி!

கிளாஸ்ல அலைநீளம், ஃபேஸ்னு போர்டுல எழுதிப் போடும்போது கொட்டாவி விடுற நாம, ஒரு பானையை வச்சா முழிச்சுக்கிறோம். இதுதான் இந்தப் பைத்தியத்தோட லாபம்.

ரேடியோ ரிப்பேர் பண்ணின பையன்

இப்படிக் கையில ஆரம்பிச்சு எங்கேயோ போன ஒருத்தர் அமர் போஸ். வங்காளத்துலேர்ந்து வெள்ளைக்காரப் போலீஸ்கிட்ட தப்பிச்சு அமெரிக்கா போன சுதந்திரப் போராட்ட வீரர் நோனி கோபால் போஸோட மகன். இரண்டாம் உலகப்போர் நேரத்துல, 13 வயசுல, வீட்டுலயே ரேடியோ ரிப்பேர் பண்ணிக் குடும்பத்துக்கு உதவினார். 1956-ல எம்.ஐ.டி.யில படிச்சுக்கிட்டிருந்தப்ப ஆசையா ஒரு ஸ்டீரியோ செட் வாங்கினார். அதுல, கச்சேரியில நேர்ல கேக்குற அனுபவம் வரவே இல்ல. செம ஏமாற்றம்! ‘ஏன் வரல?’ங்கிற அந்த ஒரு கேள்வியோட ஆராய்ச்சியில இறங்கினவர், 1964-ல போஸ் கம்பெனியைத் தொடங்கினார். மைக் செட் பின்னாடி சுத்துற நம்ம பொடிசு கேக்குறதும் அதே கேள்விதானே மக்களே!

உஷார்!

இந்தப் பைத்தியம் தடம் மாறுற இடமும் ஒண்ணு உண்டு. காதை மறந்துட்டு வாட்ஸை எண்ண ஆரம்பிக்கிற இடம். ‘5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ன்னு அட்டைப்பெட்டியில போட்டிருந்தா மயங்கிடாதீங்க. 12 வோல்ட், 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர்னா 12-ஐ 3-ஆல பெருக்குங்க... 36 வாட்ஸ். அதுக்கு மேல தொடர்ந்து எந்த ஆம்ப்ளிஃபயரும் குடுக்க முடியாது. அதுமட்டுமில்ல, வாட்ஸை ரெண்டு மடங்கு ஆக்கினா கூடுறது வெறும் 3 டெசிபல். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாத் தெரியணும்னா கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட்ஸ் வேணும்!

முக்கியமான விஷயம்... 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல்னா வெறும் 4 மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் போட்டிருக்கிற பாதுகாப்பு எல்லை இது. ஸ்பீக்கர் கிழிஞ்சா கோன் மாத்திக்கலாம். உள்காதுல சத்தத்தைப் பிடிக்கிற நுண்முடி செல்கள் செத்தா திரும்ப முளைக்காது. அப்புறம் எத்தனை லட்சத்துக்கு செட் வாங்கியும் அந்தப் புல்லாங்குழல் கேக்காது.

ஞாயித்துக்கிழமை ஹோம்வொர்க்

வீட்டுல தூங்குற பழைய ஸ்டீரியோ ஸ்பீக்கர் ரெண்டையும் தூசி தட்டுங்க. உள்ள பேஸ் ஸ்பீக்கர் முனையில 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு விநாடி தொட்டு எடுங்க. பேட்டரியோட பிளஸ்ஸை எந்த முனையில வச்சா கோன் முன்னாடி வருதோ, அதுதான் ஸ்பீக்கரோட பிளஸ். ரெண்டையும் ஒரே மாதிரி ஆம்ப்ளிஃபயர்ல மாட்டுங்க. ஒண்ணு மாறிப்போனாலும் பேஸ் காணாமப் போயிடும். ரெண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஒரு முக்கோணத்தோட மூணு மூலையில, சம தூரத்துல இருக்கணும். ஸ்பீக்கர் காது உயரத்துக்கு வரட்டும்.

இப்ப அந்த மனப்பாடப் பாட்டைப் போடுங்க. சவுண்டைக் கூட்டாதீங்க. இடது, வலது ரெண்டையும் ஒண்ணாக் கலந்து தர்ற குட்டி ப்ளூடூத் டப்பாவுல கேக்காத ஏதாவது ஒண்ணு, ஒரு ஓரத்துலேர்ந்து எட்டிப் பார்க்குதா?

பார்த்துச்சா? அப்ப சரி... நீங்களும் நம்ம ஆளு!